அழுகிறவர் நிற்கும் இடம்

(மேட்டுப்பாளையத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



‘மனதை உலுக்கிய நூல்கள்’ என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறீர்கள். நூல்களைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த அவையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். நான் உலுக்கப்பட்டவர்களைப் பற்றிப் பேசுகிறேன். ஊர்ப்புற நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, கிளை நூலகத்தில் ஓய்வு பெற்றவன் நான். எழுத்தாளர்களை மேடையில் எப்போதாவது பார்த்ததோடு சரி. வாசகர்களை நாள்தோறும் பார்த்திருக்கிறேன், அதுவும் புத்தகத்தைத் திருப்பித் தரும் நேரத்தில். சிலர் தேதிச் சீட்டைப் பார்ப்பதற்குள் ஓடிவிடுவார்கள். சிலர் புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு அதன் மேலிருந்து கையை எடுக்க மாட்டார்கள். கடைசிப் பக்கத்தைக் கிழித்துவிட்டுத் தந்தவர் உண்டு. முடிவு அவருக்குப் பிடிக்கவில்லையாம். ஒரு நாவல் முழுக்க வில்லன் பெயர் வரும் இடங்களையெல்லாம் யாரோ பேனாவால் அடித்து வைத்திருந்தார்கள். யாரென்று கடைசிவரை தெரியவில்லை. நான் படித்த பல விமர்சனக் கட்டுரைகளைவிட அந்த மை எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் பெரும்பாலோர் சொல்லிவிட்டுப் போவது ஒன்றுதான்: “அழுதுட்டனுங்க.”

நம் ஊரில் ஒரு புத்தகத்துக்கு அதற்கு மேல் சான்றிதழ் கிடையாது. எனக்கு அந்தச் சான்றிதழின் மேல் கொஞ்சம் சந்தேகம் உண்டு. அழுகை உண்மையாகவே இருக்கலாம். அழுதவர் அந்தக் கதைக்குள் எந்த இடத்தில் நின்றுகொண்டு அழுதார் என்பதை யாரும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. இன்று அதைத்தான் கேட்கப் போகிறேன். காலையில் பஸ் ஏறினால் இருட்டுவதற்குள் போய்வரக்கூடிய தூரத்துக் கதைகளை வைத்தே கேட்கப் போகிறேன்.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாகப் பிரித்து அவற்றில் அழுகையை இரண்டாவதாக வைக்கிறார். அது பிறக்கும் நிலங்கள் நான்கு: பிறரால் இகழப்படுதல், இழத்தல், இருந்த நிலையிலிருந்து தாழ்தல், வறுமை. இழப்பையும் வறுமையையும் யாரும் சொல்லிவிடுவார்கள். இகழப்படுவதை முதலில் வைத்தாரே, அங்கேதான் அவர் பெரியவர். இது தனக்கு நேர்ந்தாலும் வரும், பிறருக்கு நேர்ந்ததைப் பார்த்தாலும் வரும் என்று உரையாசிரியர்கள் விரித்தார்கள். இகழ்ந்தவனே பின்னால் ஒருநாள் உட்கார்ந்து படித்து அழுதால் அது எந்தக் கணக்கில் வரும் என்பதற்கு உரையில் இடமில்லை. நாவல் என்ற ஒன்று வந்த பிறகு முளைத்த சிக்கல் அது.

வாசகரின் கொந்தளிப்பு புதிதல்ல. கேத்தேயின் ‘வெர்தர்’ 1774-இல் வந்தபோது இளைஞர்கள் அதன் நாயகனைப் போல நீலக் கோட்டு போட்டுக்கொண்டு திரிந்தார்கள். அடுத்த ஆண்டே லைப்சிக் நகரம் அதைத் தடை செய்தது. நம்மவர்கள் இன்னும் உருப்படியானவர்கள். நா. பார்த்தசாரதியின் ‘குறிஞ்சி மலர்’ படித்தவர்கள் பிள்ளைகளுக்கு அரவிந்தன் என்றும் பூரணி என்றும் பெயர் வைத்தார்கள். என் நூலக உறுப்பினர் பதிவேட்டிலேயே பூரணிகள் இருந்தார்கள். ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ 1966-இல் ஆனந்த விகடனில் வந்தபோது, கெட்டு வந்த பெண்ணின் தலையில் தண்ணீரை ஊற்றி நீ சுத்தமாகிவிட்டாய் என்று ஒரு தாய் சொல்லலாமா என்று சண்டையே நடந்தது. சரி, அந்தத் தாய் அப்படிச் சொல்லாமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் பாருங்கள் என்று அவர் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ எழுதினார். வாசகரின் கோபத்துக்கு ஒரு நாவலாகவே பதில் கிடைத்தது. அதற்கு 1972-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி பரிசும் கிடைத்தது. கோபித்துக் கடிதம் எழுதிய வாசகர்களுக்கும் பரிசில் ஒரு பங்கு சேர வேண்டும் என்பது என் கட்சி.

இனி நம் பக்கத்துக்கு வருகிறேன்.

ஜெயமோகனின் ‘யானை டாக்டர்’ 2011-இல் வந்தது. ‘அறம்’ தொகுப்பில் இருக்கிறது. தமிழ்நாட்டு வனத்துறையில் கால்நடை மருத்துவராக இருந்த வி. கிருஷ்ணமூர்த்தி என்ற உண்மையான மனிதரை வைத்து எழுதிய கதை. சமீப காலத்தில் தமிழில் இவ்வளவு பேரை அழ வைத்த கதை வேறொன்று இருக்குமா என்று தெரியவில்லை. வாசகர்களே கைக்காசு போட்டு அச்சடித்து இலவசமாகக் கொடுத்தார்கள். காட்டுக்குள் குடித்துவிட்டு எறிந்த பீர் பாட்டிலின் சில்லு யானையின் காலில் ஏறி, அந்தப் பெரிய உயிர் நிற்கவும் முடியாமல் நடக்கவும் முடியாமல் வற்றிப் போகிற இடத்தில் நானும் புத்தகத்தை மூடி வைத்தவன்தான்.

இந்தக் கதையை மேட்டுப்பாளையத்தில் படிப்பது வேறு, சென்னையில் படிப்பது வேறு. தேக்கம்பட்டியில் பவானிக் கரையில் கோயில் யானைகளுக்கு முகாம் போட்டபோது பிள்ளைகுட்டிகளோடு போய்ப் பார்த்தவர்கள் நாம். சமயபுரம், நெல்லித்துறைப் பக்கம் ரோட்டைக் கடக்கிற காட்டு யானைக்குப் ‘பாகுபலி’ என்று பெயர் வைத்து, அதற்காகப் பஸ்ஸை நிறுத்திக் காத்திருந்தவர்களும் நாம்தான். 2021-இல் வனத்துறை அதற்கு ரேடியோ காலர் மாட்ட முயன்று, அது போக்குக் காட்டிவிட்டுக் காட்டுக்குள் போனபோது ஊரில் பாதிப்பேர் யானை கட்சி. 2023 ஜூனில் அதன் வாயில் காயம் தெரிந்தது. தீனிக்குள் நாட்டு வெடியைப் பொதிந்து வைக்கும் அவுட்டுக்காயைக் கடித்துவிட்டதோ என்ற சந்தேகம் எழுந்தபோது வருந்தாதவர் இல்லை. ஆனால் அவுட்டுக்காய் ஆகாயத்திலிருந்து விழுவதில்லை. காட்டுப்பன்றிக்கு என்று சொல்லி யாரோ செய்கிறார்கள், யாரோ வைக்கிறார்கள்.

இந்தக் கதையை வாழைத் தோட்டக்காரர் ஒருவருக்குப் படிக்கக் கொடுத்தேன். திருப்பித் தந்தபோது சொன்னார்: “கதை நல்லாத்தானுங்க இருக்குது. அந்த டாக்டரு எங்க தோட்டத்துல ஒரு ராத்திரி காவலுக்குப் படுத்திருந்தாருன்னா இன்னும் நல்லா இருந்திருக்கும்.” குலை தள்ளிய வாழையை ஒரே இரவில் பறிகொடுத்தவர் அவர். அழவில்லை. ஆனால் கதையை இரண்டு தடவை படித்திருந்தார், பாட்டில் வருகிற இடத்தையும் டாக்டர் யானையிடம் பேசுகிற இடத்தையும் எனக்கே திருப்பிச் சொன்னார். அந்தக் கதைக்கு வந்த வாசகர் கடிதங்களில் அவர் கடிதம் இருக்காது. என் கணக்கில் அவர்தான் நல்ல வாசகர். தனக்கு நட்டம் தருகிற பிராணியின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டு, தன் தோட்டத்தையும் மறக்காமல் எழுந்து வந்திருக்கிறார்.

யானைக்காக அழுவதில் நமக்கு ஒரு வசதி உண்டு. யானை எதிர்க்கேள்வி கேட்காது. மனிதருக்காக அழும்போதுதான் வில்லங்கம்.

ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ 1942-இல் வெளிவந்தது. அவருக்கு அப்போது இருபத்தைந்து வயதுதான். கு.ப. ராஜகோபாலன் முன்னுரை எழுதினார். தமிழின் முதல் வட்டார நாவல் என்று கல்லூரிகளில் சொல்லிக் கொடுக்கிறார்கள். அதனாலேயே பலர் படிக்காமல் விட்டுவிடுகிறார்கள். கதை சிறியது. புருசனை இழந்த நாகம்மாள், கொழுந்தன் சின்னப்பன், அவன் மனைவி ராமாயி, ஒரே குடும்பமாக இருக்கிறார்கள். நாகம்மாள் பூமியில் தன் பங்கைப் பிரித்துக் கேட்கிறாள். அவளுக்குத் துணையாகக் கெட்டியப்பன் என்ற முரடன் நிற்கிறான். கடைசியில் சின்னப்பன் சாகிறான்.

இந்த நாவலைப் படித்து யாரும் அழுததாக என்னிடம் சொன்னதில்லை. எனக்கும் அழுகை வரவில்லை. அழ விடாமல் எழுதியிருக்கிறார் மனிதர். சின்னப்பன் நல்லவன், ராமாயி தங்கமானவள். நாகம்மாள் வாயாடி, ஊர் அவளைப் பேசுகிறது. அப்படியிருந்தும் அவள் கேட்டதில் என்ன தப்பு என்ற கேள்வி புத்தகத்தை மூடிய பிறகும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிறது. விதவைக்குக் கணவன் சொத்தில் பங்கு தரும் சட்டம் 1937-இல் வந்தது. மாகாணங்களில் அது விவசாய நிலத்துக்குச் செல்லாது என்று கூட்டாட்சி நீதிமன்றம் 1941-இல் சொன்னது. சென்னை மாகாணம் அதை நிலத்துக்கும் நீட்டியது 1947-இல். ஆக, நாவல் வந்த ஆண்டில் நாகம்மாளுக்கு நியாயம் இருந்தது, சட்டம் இல்லை. சண்முகசுந்தரம் இந்தச் சட்டக் கதை எதையும் நாவலுக்குள் இழுக்கவில்லை. ஒரு பொம்பளை பங்கு கேட்டால் வீட்டுக்குள் காற்று எப்படி மாறும் என்பதை மட்டும் எழுதினார்.

இந்த நாவலை நான் ஆண்களுக்கும் பெண்களுக்கும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்திருக்கிறேன். நூலகரின் சிறு விஷமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்கள் வந்து கெட்டியப்பனைப் பற்றிப் பேசுவார்கள். அவன் மட்டும் நடுவில் நுழையாமல் இருந்தால் குடும்பம் கெட்டிருக்காது என்பார்கள். நடுத்தர வயதுப் பெண்ணொருவர், அண்ணன் தம்பிகளுக்கு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர், புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: “அவ கேட்டா. நான் கேக்குல.” அவ்வளவுதான். 1989-இலேயே தமிழ்நாட்டில் மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு தரும் திருத்தம் வந்துவிட்டது. நோம்பிக்கு அழைப்பு நின்றுவிடும், சீர்வரிசை நின்றுவிடும் என்று கையெழுத்துப் போடுகிற பெண்கள் இன்றும் பத்திரப் பதிவு அலுவலகத்து வேப்ப மரத்தடியில் நிற்கிறார்கள். அந்தப் பெண்மணி நாகம்மாளின் பக்கம் நின்றாரா, ராமாயியின் பக்கம் நின்றாரா என்று என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டு பேராகவும் அவர் வாழ்ந்திருக்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது. தமிழ் நாவல் விமர்சனத்தில் இரண்டே சொற்றொடரில் அப்படி எழுதியவரை நான் பார்த்ததில்லை.

அடுத்ததைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ 2000-இல் வந்தது. கவுண்டர் பண்ணையத்தில் ஆடு மேய்க்கக் கட்டுப்பட்டிருக்கும் சக்கிலியப் பையன் கூளையன் கதை. மேட்டாங்காடு, வெள்ளாடு, செம்மறி, பனங்காய், கிணற்று நீச்சல் என்று முதல் பாதி ஒரு திருவிழா மாதிரி போகும். பையன்கள் விளையாடுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், பட்டியில் நட்சத்திரம் பார்த்துப் படுக்கிறார்கள். அந்தச் சந்தோசத்தின் நடுவிலேயே அடியும் பசியும் வசவும் வந்துகொண்டிருக்கும். படிக்கிறவனுக்கு எங்கே சிரிப்பது, எங்கே கலங்குவது என்று தெரியாது.

நான் காரமடைப் பக்கத்துத் தோட்டக்காரக் குடும்பத்தில் பிறந்தவன். எங்கள் பண்ணையத்திலும் ஆட்டுக்காரப் பையன் ஒருவன் இருந்தான். என் வயதுதான். அவனுடைய போசி தொண்டுப்பட்டி வேலியில் தொங்கும். வீட்டுப் பாத்திரத்தோடு சேராது. நாவலைப் படிக்கும்போது கூளையனுக்காகக் கண் கலங்கியது. கலங்கிக்கொண்டே போகையில் அந்த நாவலுக்குள் பண்ணையக்காரர் மகன் செல்வன் வருகிறான். கூளையன் வயதுக்காரன், கூட விளையாடுகிறவன், நினைத்த நேரத்தில் எசமானாகவும் மாறிவிடுகிறவன். என் வயதுக்கு, என் வீட்டுக்கு, என் குரலுக்குப் பொருந்துகிறவன் அவன்தானே? கூளையனின் பக்கத்தில் உட்கார்ந்து அழ எனக்கு யார் இடம் கொடுத்தது? அதற்குப் பிறகு கண்ணீர் வரவில்லை. வேறு ஏதோ வந்தது. தொல்காப்பியர் பட்டியலில் தேடிப் பார்த்தேன், பொருந்தவில்லை.

அருந்ததியர் வளவிலிருந்து நூலகத்துக்கு வரும் இளைஞன் ஒருவன், போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவன், இதே பிரதியை எடுத்துப் போனான். திருப்பித் தரும்போது எப்படியிருந்தது என்று கேட்டேன். “இதுல அழறதுக்கு என்னங்க சார் இருக்குது? எங்கப்பன் சொன்னதுல பாதிகூட வல்லீங்களே” என்றான். கோபமில்லை, குறையுமில்லை, தகவல் சொல்வது போலச் சொன்னான். என்னை உலுக்கிய புத்தகம் அவனுக்குச் சற்றே மென்மையாக எழுதப்பட்ட குடும்ப வரலாறு.

2019 டிசம்பர் 2-ஆம் தேதி விடியற்காலை இந்த ஊரில், நடூரில், விடாத மழையில் ஒரு சுற்றுச்சுவர் இடிந்து வீடுகளின் மேல் விழுந்தது. ஏறத்தாழ இருபது அடி உயரச் சுவர். தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் இறந்தார்கள், அருந்ததியர் மக்கள். அந்தச் சுவரைப் பற்றி அங்கே குடியிருந்தவர்கள் முன்பே முறையிட்டிருந்ததாகச் செய்திகள் வந்தன. இந்த அவையில் பலரும் அன்றைக்கு அங்கே போயிருப்பீர்கள்; நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. வாசிப்பைப் பற்றிப் பேச வந்தவன் என்பதால் வாசிப்போடு நிறுத்திக்கொள்கிறேன். அந்த வாரம் என்னிடம் பேசிய இலக்கிய நண்பர்களில் இருவர் தனித்தனியாகக் ‘கூளமாதாரி’ ஞாபகம் வந்தது என்றார்கள். நல்ல மனிதர்கள்தான். ஆனால் பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பே வெளிவந்த நாவல், சுவர் விழுந்த பிறகு ஏன் ஞாபகம் வருகிறது? அந்தச் சுவர் நின்றுகொண்டிருந்த காலத்தில் அந்த வழியாகப் போன எந்த வாசகருக்காவது ஞாபகம் வந்ததா? நானும் அந்த வழியில் போகிறவன்தான், என்னையும்தான் கேட்டுக்கொள்கிறேன்.

கோபத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெகுளியும் மெய்ப்பாடுதான். அதே பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010-இல் வந்தபோது அமைதியாக இருந்த ஊர், 2014 கடைசியில் கொதித்தது. நாவலிலிருந்து சில பக்கங்களை மட்டும் நகலெடுத்துக் கையில் கொடுத்தார்கள். திருச்செங்கோட்டில் கடையடைப்பு நடந்தது, 2015 ஜனவரியில் எழுத்தாளர் தான் இறந்துவிட்டதாக அறிவித்துக்கொண்டார். 2016 ஜூலை 5-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு அவரை மீண்டும் எழுத அழைத்தது. அந்த நாவலில் காளியும் பொன்னாவும் பிள்ளையில்லை என்பதற்காகச் சொந்த சனத்திடமே கேட்கும் சொல் எத்தனை! விசேச வீட்டில், வரப்புத் தகராறில், எங்கும் அதே குத்தல். முதல் பக்கத்திலிருந்து படித்து வந்தவர், கோபப்பட்டிருந்தாலும் அந்தச் சொற்களைக் கடந்துதான் கோபத்துக்கு வந்திருப்பார். நகலெடுத்த தாளில் அந்த வழி இல்லை. மனம் புண்பட்டது என்று சொல்கிற எவரையும் நான் கேலி செய்ய மாட்டேன். முழுப் புத்தகத்தையும் படித்துப் புண்பட்டவர் வந்தால் டீ வாங்கிக் கொடுத்துப் பேசத் தயார்.

டீ என்றதும் ‘எரியும் பனிக்காடு’ ஞாபகம் வருகிறது. ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் டாக்டராக வேலை பார்த்த பி.எச். டேனியல், அங்கே தொழிலாளர்கள் பட்ட பாட்டை 1969-இல் ஆங்கிலத்தில் நாவலாக எழுதியதைக் கோவை இரா. முருகவேள் தமிழாக்கினார். பாலாவின் ‘பரதேசி’ படத்துக்கு அடிப்படை அதுதான். படித்தவர்கள் எல்லோரும், இனி டீ குடிக்க மனம் வராது என்றார்கள். எல்லோரும் குடிக்கிறோம். நான் வாக்குறுதி ஏதும் தரவில்லை என்பதால் நிம்மதியாகக் குடிக்கிறேன்.

அதே முருகவேள் எழுதியதுதான் ‘முகிலினி’, 2016-இல் வந்த நாவல். பவானி ஆறும் சிறுமுகை விஸ்கோஸ் ஆலையும் அதன் களம். 1955-இல் முடிந்த பவானிசாகர் அணையின் காலம் தொட்டு, மரக்கூழை நூலாக்கிய அந்த ஆலை வந்தது, வளர்ந்தது, ஆற்றைக் கெடுத்தது, சனம் எதிர்த்து நின்றது, ஆலை மூடியது என்று நம் கண்முன் நடந்ததையெல்லாம் கதையாக்கியிருக்கிறார். ஆலை மூடி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அந்த ஆலையின் வாடையை நான் விவரிக்க வேண்டியதில்லை. காற்று இந்தப் பக்கம் திரும்பிய நாட்களை முன்வரிசைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அந்த நாவலின் ஒரு பிரதியை ஆற்றோரத்து விவசாயி ஒருவர் எடுத்துப் போனார், ஆறு கெடுகிற பக்கங்களில் பென்சிலால் கோடு போட்டுத் திருப்பித் தந்தார். கோடு போடக்கூடாது என்று அவரிடம் சொல்ல வேண்டியது என் கடமை, சொல்லவில்லை. அடுத்து அதே பிரதி விஸ்கோஸில் வேலை பார்த்து வெளியே வந்த ஒருவர் வீட்டுக்குப் போனது. அவர் பேனாக்காரர். ஆலை மூடுகிற பக்கங்களில் ஓரமெல்லாம் எழுதியிருந்தார்: எந்தப் பிரிவு, எந்த ஷிப்ட், யார் யாருக்கு எவ்வளவு பாக்கி. “ஆத்தைப் பத்தி எழுதுனது நெசந்தானுங்க. சங்கு நின்ன அன்னைக்கு எங்க லைன் வீட்டுல யாரும் அடுப்புப் பத்த வைக்கல, அதையும் எழுதோணுமில்ல” என்றார். இருவரும் அழுதவர்கள். ஒருவர் ஆற்றுக்கு, ஒருவர் ஆலைக்கு. முதலாமவர் தன் பையனுக்கு இரண்டாமவர் வேலை பார்த்த ஆலையில் வேலை கிடைக்காதா என்று ஒரு காலத்தில் அலைந்ததும் உண்டு. இரண்டாமவர் வீட்டுக் குடத்தில் இருந்தது பவானித் தண்ணீர்தான். இதெல்லாம் இருவருக்கும் தெரியும். ஆனால் ஒருவர் குறி வைத்த பக்கத்தை மற்றவர் வேகமாகத் தாண்டியிருக்கிறார் என்பது தாளைப் பார்த்தாலே தெரிந்தது.

இந்த அறக்கட்டளையை நிறுவியிருக்கும் குடும்பத்தாரிடம் ஒரு விண்ணப்பம் வைத்து முடித்துக்கொள்கிறேன். அடுத்த ஆண்டுச் சொற்பொழிவுக்கு என்னைப் போல ஒருவரைக் கூப்பிட்டு மாலை போடுவதை நிறுத்திவிடுங்கள். அந்தச் செலவில் ‘முகிலினி’ பிரதிகளை வாங்குங்கள். சிறுமுகையில் ஒரு மண்டபம் பிடித்து, ஆற்றோரத்து விவசாயிகளையும் விஸ்கோஸ் ஆட்களையும் ஒன்றாக உட்கார வைத்து, விவசாயிகளை ஆலை மூடும் பக்கங்களையும் ஆலைக்காரர்களை ஆறு கெடும் பக்கங்களையும் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். சண்டை வரலாம், வந்தால் வரட்டும். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் நல்லது, மண்டிக்காரர்களும் வருவார்கள். நாற்காலி போடவும், பென்சில் பேனா இரண்டையும் வாசலிலேயே வாங்கி வைக்கவும் நான் வருகிறேன்.